சுண்டைக்காயும் சுமைகூலியும்: வீட்டிலேயே என்ஜின் மாற்றுவதன் கணக்கு

1998இல் என் 1972 மாடல் அம்பாசடருக்கு வேறு என்ஜின் போடுவது என்று முடிவானதும் முதலில் வாங்கிய சாமான் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் ஏழு வரி எழுதினேன். என்ஜின், கியர்பாக்ஸ், தூக்குக் கூலி, வெல்டிங், ஆயில், ஆர்.டி.ஓ., இதர செலவு. ஏழாவது வரிக்கு எதிரே போட்டிருந்த தொகையைப் பார்த்து மச்சான், "இதரத்துக்கு எதுக்கு மாப்ளே இவ்வளவு?" என்று கேட்டார். ஐந்து மாதம் கழித்து வண்டி ரோட்டுக்கு வந்தபோது நோட்டு தீர்ந்து, பின்னட்டையின் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே கடைசி வரி: "ஹோஸ் கிளிப் 4."

அந்த வருஷத்து ரூபாயை இன்று சொல்லிப் பயனில்லை. பழைய சாமான் சந்தையில் விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். விகிதம் மட்டும் அவ்வளவாக மாறுவதில்லை என்பது பிறகு நண்பர்கள் செய்த வேலைகளைப் பார்த்ததில் தெரிந்தது. ஆகவே என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்துக் கொடுத்த விலையை 100 என்று வைத்துச் சொல்கிறேன். அந்த என்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய 70. கிளட்ச் செட் 20. ரேடியேட்டர், விசிறி, ஹோஸ் 25. மவுண்டிங், ஜாயிண்ட் ஷாஃப்ட், சைலன்சர் பைப் என்று லேத்துக்கும் வெல்டிங்குக்கும் 45. ஒயரிங் 15. பிரேக் 35. போல்ட், நட்டு, கிளாம்ப், கேஸ்கட் பேஸ்ட், ஆயில், டீ என்று சில்லறையாகப் போனது 30. மொத்தம் 340. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்தவர் என்ஜின் மாற்றிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

என்ஜின் மாற்றத்துக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் சாமானுக்கு விலை போடுகிறார்கள். செலவு நடப்பதோ ஒரு சாமான் இன்னொன்றைத் தொடும் இடத்தில். என்ஜின் சேஸிஸைத் தொடும் இடம், கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தொடும் இடம், தண்ணீர் ரேடியேட்டரைத் தொடும் இடம், வண்டி ஆர்.சி. புக்கைத் தொடும் இடம். இந்தத் தொடுமிடங்களை எண்ணத் தெரிந்தால் பட்ஜெட் ஓரளவு கைக்குள் நிற்கும்.

எந்த என்ஜினை எடுப்பது என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான் இருந்திருக்கிறது. எது பழைய சாமான் சந்தையில் குவிந்து கிடக்கிறதோ அது. அமெரிக்காவில் 1932இல் ஃபோர்டு மலிவு விலைக் காரில் எட்டு சிலிண்டர் என்ஜினைக் கொண்டுவந்தது. வண்டிகள் நொறுங்கி யார்டுக்கு வந்தபோது இளவட்டங்கள் அந்த என்ஜின்களைக் கழற்றிப் பழைய ஃபோர்டுகளில் ஏற்றினார்கள். 1955இல் செவ்ரோலேயின் சிறிய எட்டு சிலிண்டர் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1997 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் வகை 5.7 லிட்டர் என்ஜின் இன்று எல்லா வண்டியிலும் ஏறுகிறது. அலுமினிய ப்ளாக், கேம் ஷாஃப்ட் தலைக்கு மேலே இல்லாமல் ப்ளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சின்னது, அகலம் குறைவு. சின்னக் காரின் மூக்குக்குள்ளும் நுழையும். அதைவிடப் பெரிய காரணம், அதே குடும்பத்தின் இரும்பு ப்ளாக் என்ஜின்களை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப் வண்டிகளில் ஏராளமாகப் போட்டுத் தள்ளியது. சரக்கு மலிந்ததும் அதற்கான மவுண்டிங், சம்ப், ஒயரிங் எல்லாம் ரெடிமேடாகக் கடைக்கு வந்துவிட்டன. தொடுமிடங்கள் ஏற்கெனவே யாரோ அளந்து, வார்த்து, பெட்டியில் போட்டு விற்கிற சமாச்சாரமாகின.

இங்கிலாந்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான கதை. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸ். அதன் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த 1798 சிசி என்ஜின் அதே குடும்பத்துப் பெரியண்ணன். கென் காஸ்டெல்லோ என்பவர் அந்தக் காரில் ரோவரின் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டரை ஏற்றி விற்றுக்கொண்டிருந்தார். ப்யூக்கிடமிருந்து ரோவர் வாங்கிய அலுமினிய வடிவம் அது. இரண்டு மடங்கு கொள்ளளவு இருந்தும் எடை ஏறக்குறைய பழைய இரும்பு நாலு சிலிண்டரின் எடைதான். முன் ஸ்பிரிங்கைப் பெரிதாகத் தொட வேண்டியதில்லை. பட்டறைக்காரர் செய்து காட்டிய பின் 1973இல் கம்பெனியே அந்தக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் ஊரில் வரிசை தலைகீழ். கம்பெனி முதலில் செய்தது, பட்டறை பின்னால் போனது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுஸு 1817 சிசி பெட்ரோல் என்ஜினைத் தன் கான்டெஸா காரில் போட்டு, 1990களின் தொடக்கத்தில் அதையே ஐந்து கியர் பெட்டியோடு அம்பாசடருக்கும் கொண்டுவந்தது. பழைய என்ஜின் சுமார் 50 குதிரைத்திறன், புதியது 75. அதனால் 1998இல் எனக்குக் கிடைத்த வசதி: விபத்தில் முன்புறம் தப்பி, பின்புறம் அப்பளமான ஒரு கான்டெஸாவின் என்ஜினை வாங்கிக்கொண்டு, மவுண்டிங் சாமான்களை அம்பாசடர் 1800க்கான ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டு வாங்கலாம். கம்பெனி நடந்த பாதை இருக்கும்போது காட்டுக்குள் இறங்காதீர்கள் என்பது இந்தத் துறையில் நான் கண்ணை மூடிக்கொண்டு தரும் ஒரே புத்திமதி. மாருதி ஜென்னின் 993 சிசி என்ஜினுக்குப் பதில் எஸ்டீமின் 1298 சிசி என்ஜினைப் போட்டவர்கள் அவ்வளவு பேர் இருந்ததற்கும் காரணம் இதுவே. இரண்டும் ஒரே ஜி-சீரிஸ் குடும்பம்.

டீசல் மாற்றத்துக்குத் தனிக் கதை உண்டு. டீசல் பெட்ரோலின் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைத்த காலத்தில் டாக்ஸி அம்பாசடர்களும் மலைப்பாதை ஜீப்புகளும் வரிசையாக டீசலுக்கு மாறின. அவர்கள் வேகத்துக்காகச் செய்யவில்லை, கிலோமீட்டருக்காகச் செய்தார்கள். பெட்ரோல் என்ஜின் லிட்டருக்கு 10, டீசல் என்ஜின் 14 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் போன இடத்தில் ஏழு லிட்டர் சொச்சம் டீசல். விலையும் பாதி என்றால் செலவு மூன்றில் ஒரு பங்காகிறது. தினம் 150 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு 340 அளவுக்கான வேலையும் சில மாதங்களில் கழிந்துவிடும். இன்று இரண்டுக்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு டீசல் என்ஜின் போட்டு மிச்சம் பிடிக்கிறேன் என்பவரிடம் கணக்கு நோட்டு இல்லை என்று அர்த்தம்.

இனி காகிதம். இதை முதலில் வைக்காதவர்கள்தான் அதிகம். ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. 1998இல் என் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய், என்ஜின் வாங்கிய பில்லைக் காட்டி, புது நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்த காகிதத்தை ஒட்டி, ஆர்.சி. புக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இன்று அந்தத் தைரியத்தில் இறங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு 2000இல் திருத்தப்பட்டது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜின் என்றால் அனுமதி வாங்கி, நம்பரை மாற்றிப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. வேறு கம்பெனி, வேறு கொள்ளளவு, கூடுதல் திறன் என்றால் கதவு அநேகமாகச் சாத்திக் கிடக்கிறது. எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டமே ஒரு ஜன்னல் வைத்திருக்கிறது: சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் என்று கிட் பொருத்தலாம். ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்ற பட்டறைதான் பொருத்த வேண்டும். வீட்டுக் கொட்டகையில் நாமே பேட்டரி கட்டி ஓட்டுகிற வேலை அதில் சேராது. காகிதம் இல்லாமல் ஓடுகிற வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது என்ஜின் நம்பரை. அப்போது இழப்பது 340 அல்ல, எதிராளிக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு முழுவதும்.

வெளிநாட்டில் தாராளம் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் மாற்றுகிற என்ஜின் வண்டியின் மாடல் ஆண்டுக்குச் சமமானதாக அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்; அந்த என்ஜினோடு பிறந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் அத்தனையும் கூடவே வர வேண்டும்; நடுவர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயும் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போடுவது இந்த வரிதான். வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே விதி எழுதி வைத்திருக்கிறது, படித்துவிட்டு ஆமாம் அல்லது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே ஆபீஸுக்கு ஆபீஸ் பதில் வேறு. என் யோசனை: என்ன என்ஜின், எந்த வண்டியிலிருந்து, என்ன கொள்ளளவு என்று மனுவாக எழுதி, அனுமதி கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம் சார்" என்று யார் சொன்னாலும் அது பட்ஜெட்டில் பூஜ்ஜியம்.

என்ஜின் வாங்கும் இடத்துக்குப் போவோம். சென்னையில் புதுப்பேட்டை தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு பெரிய ஊருக்கும் அதன் தம்பி ஒருவன் இருப்பான். அங்கே போகும்போது முதலில் கேட்க வேண்டியது பில். இந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தால் அடுத்த கடை. திருட்டு வண்டியின் நம்பர் உங்கள் ஆர்.சி. புக்கில் ஏறுவது வேறு வகைத் தலைவலி.

பிறகு சாமானைப் பார்க்க வேண்டும். ஓடுகிற நிலையில், வண்டியிலேயே இருக்கும்போது பார்க்கக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ப்ளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜை வைத்து நாலு சிலிண்டரையும் பாருங்கள். மொத்த அளவைவிட நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. தரையில் கிடக்கும் என்ஜின் என்றால் க்ராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். இவ்வளவு பார்த்தும் நான் வாங்கியதை லேத்துக்காரர் பிரித்தபோது இரண்டாவது பிஸ்டனில் ரிங் ஒன்று உடைந்திருந்தது. அதனால்தான் அந்த 70. வாங்கும்போதே பிரித்துச் சரிசெய்யும் செலவையும் சேர்த்து எழுதிவிடுங்கள். நல்ல என்ஜினாக அமைந்துவிட்டால் அந்தப் பணம் பிரேக்குக்கு ஆகும்.

முடிந்தால் என்ஜினை மட்டும் வாங்காமல் நொறுங்கின வண்டியையே வாங்குங்கள். நான் செய்யாமல் விட்டு வருந்தியது இது. ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், ஹீட் கேஜுக்குப் போகும் சென்ஸார், ஆல்டர்னேட்டரின் சாக்கெட், ஏர் ஃபில்டரைப் பிடிக்கும் தகடு என்று சின்னச் சின்னச் சாமான் நூறு இருக்கும். தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றும் ஒரு பஸ் டிக்கெட். அந்த நூறும் அந்த வண்டியிலேயே அந்தந்த இடத்தில் இருக்கும். எடுத்தது போக மிச்சத்தை எடைக்குப் போடலாம். நான் கான்டெஸாவின் ஸ்பீடோ கேபிளுக்காக மட்டும் மூன்று ஊர் சுற்றினேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. கரிவர்தன் என்பவர் அந்த ஊரில் மாருதி 800இன் என்ஜினை வைத்து ரேஸ் கார்கள் கட்டினதைக் கண்ணால் பார்த்த ஃபிட்டர்கள் எங்கள் காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் என்ஜினை டெம்போவில் இறக்கிய அன்றே கேட்டார்: "ஏனுங்க தம்பி, பொண்ணு பார்த்தாச்சு, சரிங்க. கல்யாணச் செலவுக்கு வெச்சிருக்கீங்களா?"

பழைய என்ஜினைத் தூக்கியது வீட்டுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில். தடித்த கிளையில் சாக்கு சுற்றி, ஒரு டன் செயின் புல்லியை மாட்டினோம். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். கிளை முறியவில்லை, ஆனால் என்ஜின் வெளியே வந்ததும் எடை போன வண்டியின் மூக்கு நிமிர்ந்து, ஸ்டாண்டு நழுவி, ஒரு கணம் மச்சானின் கால் இருந்த இடத்தில் க்ராஸ் மெம்பர் வந்து நின்றது. அவர் அதற்கு முந்தைய கணத்தில் பீடி பற்றவைக்க எழுந்திருந்தார். அன்றைக்கே நோட்டில் இரும்புக் குழாய் முக்காலி வாடகை என்று ஒரு வரி ஏறியது. நாலு நல்ல ஸ்டாண்டு, தூக்கும் முக்காலி, மட்டமான சிமெண்டுத் தரை ஆகிய மூன்றும் இல்லாதவர் வெளியே கொடுத்துத் தூக்கிக்கொள்வது மலிவு.

புது என்ஜினை உள்ளே வைத்துப் பார்க்கும்போது எங்கள் ஃபிட்டர் செய்த ஒரு காரியத்துக்காக அவரை இன்னும் நினைக்கிறேன். முழு என்ஜினையும் இறக்க விடவில்லை. ஹெட், பிஸ்டன் எதுவும் இல்லாத வெறும் ப்ளாக்கையும் காலியான கியர்பாக்ஸ் கூட்டையும் போல்ட்டுப் போட்டு, இரண்டு பேர் தூக்கும் கனத்தில், நாலு மரக்கட்டையில் உட்கார வைத்தார். பிறகு ஹெட்டை வைத்தார், மேனிஃபோல்டை வைத்தார், பானெட்டை மூடினார். எங்கே இடிக்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. என்ஜினின் பின் முனை சில டிகிரி கீழே சரிந்து, அந்தச் சரிவும் பின் ஆக்ஸிலின் பினியன் சரிவும் இணையாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஜாயிண்ட் ஷாஃப்டின் இரண்டு கிராஸும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்காமல் அறுபதைத் தாண்டியதும் தரை அதிரும். அதை அவர் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். மவுண்டிங்கைப் பொட்டு வெல்டு மட்டும் வைத்து, எல்லாம் பொருந்திய பிறகுதான் முழு வெல்டு. மூன்று முறை ஏற்றி இறக்கினோம். அவருடைய கூலியில் பாதி, இப்படி வெறும் ப்ளாக்கை வைத்துப் பார்த்ததற்கே. ஒரு பைசா வீணில்லை.

ஆனாலும் ஒன்று தப்பியது. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தோம். நின்ற நிலையில் பார்த்தால் தாராளம். மூன்றாம் நாள், குறுக்கே வந்த ஆட்டுக்காக நான் பிரேக்கை அமுக்கினபோது என்ஜின் தன் ரப்பர் மேல் முன்னால் நகர்ந்தது. சர்ரென்று ஒரு சத்தம். பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் கோரில் அரைவட்டமாக ஒரு கீறல், அதிலிருந்து பச்சைத் தண்ணீர். புது ரேடியேட்டர் அது. ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜின் முன்னும் பின்னும் சாயும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பக்கவாட்டில் திருகும். எந்த இடைவெளியையும் அந்த அசைவையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். சைலன்சர் பைப்புக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு இது இன்னும் முக்கியம். வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள நம் வண்டிகளில், வெளிநாட்டு இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்காகச் செய்த மேனிஃபோல்டு அந்த ஷாஃப்டின் மேலேயே வந்து உட்காரும்.

கியர் கணக்கைப் பேப்பரிலேயே போட்டுவிடலாம், காசு செலவில்லை. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், 80 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 667 சுற்று. க்ரவுன் 41 பல், பினியன் 9 பல் என்றால் விகிதம் 4.56. டாப் கியர் நேர் விகிதமாக இருந்தால் என்ஜின் 3,040 சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவது கியர் 0.85 என்று கொண்டால் அதே வேகத்துக்கு 2,580 போதும். காதுக்கும் பெட்ரோலுக்கும் அந்த 460 சுற்றுதான் வித்தியாசம். இதே பின் ஆக்ஸிலில், ஐந்தாவது கியர் இல்லாத, 4,000 சுற்றோடு மூச்சு முட்டும் பழைய டீசல் என்ஜினை வைத்தால் 100 கிமீ வேகத்தில் 3,800 சுற்றில் அலறிக்கொண்டிருக்கும். அப்போது க்ரவுன் பினியனையும் மாற்ற வேண்டிவரும். மாற்றினால் ஸ்பீடோ பொய் சொல்லும். தொடுமிடம் இப்படித்தான் இன்னொரு தொடுமிடத்தைக் கூட்டிக்கொண்டு வரும்.

பழைய அம்பாசடரில் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். கான்டெஸாவின் பெட்டியில் தரையில். தரைத் தகட்டில் ஓட்டை வெட்டிய பின், முன்னால் இருந்த பெஞ்சு சீட்டில் நடுவே உட்காருகிறவருக்கு இடமில்லாமல் போனது. என்ஜின் மாற்றுகிற எவரும் சீட்டு மாற்றும் செலவை எழுதி நான் பார்த்ததில்லை. நானும் எழுதவில்லை.

பிரேக்குக்குப் போட்ட 35ஐப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். 80இல் போய்க்கொண்டிருந்த வண்டி 100இல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கம், ஆகவே 56 சதவீதம் கூடுகிறது. ட்ரம் சூடேறி விரிந்தால் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. பட்ஜெட் இறுகும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது இந்த வரியைத்தான். அப்படிச் செய்வதாக இருந்தால் பழைய என்ஜினோடேயே ஓட்டுங்கள்.

எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்பதிலும் எனக்கொரு அபிப்பிராயம் உண்டு. கழற்றுவது, துடைப்பது, நம்பர் எழுதி டப்பாவில் போடுவது, மாட்டுவது, ஒயரிங், குழாய், ஹோஸ் எல்லாம் பொறுமை உள்ள யாரும் செய்யலாம். போர் போடுவது, க்ராங்க் தேய்ப்பது, ஷாஃப்டை வெட்டி ஒட்டிப் பேலன்ஸ் பார்ப்பது மூன்றும் மெஷின் வேலை, கொடுத்தே ஆக வேண்டும். வெல்டிங் நடுவில் நிற்கிறது. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை, நேற்று வெல்டிங் மெஷின் வாங்கியவர் ஒட்டக் கூடாது. நாமே செய்தோம் என்று சொல்கிற நாங்கள் 340இல் 115ஐ லேத்துக்கும் மெஷின் ஷாப்புக்கும்தான் கொடுத்தோம்.

புது வண்டிகளில் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. என்ஜினை நகர்த்துவது சுலபம். அதன் மூளையை நகர்த்துவது கஷ்டம். சாவியில் உள்ள சிப், மீட்டர் போர்டு, ஏபிஎஸ், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அதில் ஒன்று புது ஆளைக் கண்டதும் ஸ்டார்ட் ஆக விடாது. அங்கே ஒயரிங்குக்கு 15 போதாது, என்ஜின் விலைக்குச் சமமாகவே ஒதுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, யாரும் கேட்க விரும்பாத கேள்வி. அந்த 70ஐ என் பழைய 1489 சிசி என்ஜினிலேயே போட்டிருந்தால்? போர் போட்டு, ஸ்லீவ் இறக்கி, புது பிஸ்டன், பியரிங், வால்வு என்று முழுக்கச் செய்தாலும் 80க்குள் முடிந்திருக்கும். ஆர்.டி.ஓ. இல்லை, வெல்டிங் இல்லை, சீட்டு இல்லை. 340ஐ ஒப்பிட வேண்டியது என்ஜின் விலையான 100ஓடு இல்லை, இந்த 80ஓடு. மேலே போகும் 260, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது கிடைத்த கூடுதல் 25 குதிரைக்கும் ஐந்தாவது கியரின் அமைதிக்கும் கொடுத்த விலை. எனக்கு அன்று அது தகும் என்று பட்டது. வயது அப்படி.

பழைய என்ஜினை ஆர்.சி. மாறும் வரை விற்க வேண்டாம் என்று ஃபிட்டர் சொல்லியிருந்தார். மனு தள்ளுபடியானால் அதையே திரும்ப ஏற்ற வேண்டியிருக்குமே. ஆர்.சி. மாறிய பிறகு யாரும் எடைக்கு மேல் விலை கேட்கவில்லை, அதனால் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால் விண்டேஜ் என்று பதிவு. விஏ எழுத்தோடு தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். 2022இல் என் வண்டிக்கு 50 நிறைந்தது. 1817 சிசி என்ஜினோடு அந்தப் பதிவைக் கேட்கப் போனால் சிரிப்பார்கள்.

போன மாதம் தார்ப்பாயை விலக்கி, ப்ளாக்கில் தட்டியிருந்த நம்பரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நோட்டின் பின்னட்டையில் இடமில்லை. புதுசாக ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். மச்சான் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதர செலவுக்கு எதிரே போட்டிருந்த தொகையை அடித்து, இரண்டு மடங்காக எழுதி வைத்திருக்கிறார்.